ஒரு பானை ஓடு போதும்

அருங்காட்சியகம் போய்வந்த பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வரிகள்தான் இருக்கும். 'கறுப்பு சிவப்பு மட்கலம், அழகன்குளம்.' அடுத்து 'சங்கு வளையல் துண்டுகள்.' அதற்கடுத்து 'ரோமானியக் காசு, செம்பு.' கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அட்டைகளை ஒன்றுவிடாமல் பார்த்து எழுதியிருப்பார்கள். அந்தப் பானையில் கறுப்பு உள்பக்கம் இருந்ததா வெளிப்பக்கம் இருந்ததா என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 'குறிப்பெடுத்துட்டு வாங்க, நாளைக்குக் கட்டுரை எழுதணும்' என்று சொல்லி அனுப்பினோம். எடுத்து வந்தார்கள். அட்டையை எழுதி முடிக்கவே நேரம் போதவில்லை, பொருளை எப்போது பார்ப்பது?

இந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வரலாற்றில் நாட்டமில்லை' என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்வது பெரிய அநியாயம். அடிக்கிற காற்று கச்சானா, கொண்டலா, வாடையா என்று கேட்டால் வாசலில் நின்றபடியே சொல்வார்கள். கரையில் கிடக்கும் ஓடு பல நாள் அலையில் உருண்டதா, நேற்று உடைந்ததா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். தொல்லியலில் முதல் பாடமே இந்தத் தடவிப் பார்க்கும் பழக்கம்தான். பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அதைப் பேருந்திலேயே விட்டுவிட்டு, கையில் பேனாவைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறோம்.

வழக்கமான பயணத் திட்டத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராமேசுவரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பி, போகிற வழியில் கீழடி, அங்கிருந்து திருமலை நாயக்கர் மகால், மீனாட்சி அம்மன் கோயில், இரவு வீடு. கீழடிக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். ஓர் அருங்காட்சியகத்தில் 500 பொருள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 11 நொடி. 11 நொடியில் அட்டையைத்தான் படிக்க முடியும். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்த பிறகு தென்மாவட்டப் பள்ளிகள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போவது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு அது இரண்டாவது பயணமாக அமைவதே நல்லது. முதல் பயணம் ராமநாதபுரத்துக்குள்ளேயே, அரை நாளில், நாலைந்து பொருளோடு முடிய வேண்டும். செலவும் குறையும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதை ஒட்டிய மாதங்களில் சுற்றுலாப் பணம் கேட்டால் எத்தனை வீடுகளில் பிள்ளை 'எனக்கு வரப் பிடிக்கல டீச்சர்' என்று பொய் சொல்லும் என்பது இங்கே ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம்.

முந்தின வாரம், வகுப்பறையில்

பயணம் தொடங்க வேண்டியது பேருந்தில் ஏறும்போது அல்ல, அதற்கு ஒரு வாரம் முன்பு, வகுப்பறைத் தரையில். காரணம் எளிது. அருங்காட்சியகத்தில் எதையும் தொட முடியாது. தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் முன்பே தொட்டுவிட்டால்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது கண்ணுக்குப் புரியும்.

தேவையானவை: வெவ்வேறு அளவில் நாலு மண்பாத்திரம் (மீன் சட்டி, சோற்றுப் பானை, தயிர்க் கலயம், மூடி), நாலு கோணிப்பை, ஒரு மரக்கட்டை, இரண்டு தட்டு நிறையக் காய்ந்த மணல், ஃபெவிகால், பழைய பல்துலக்கும் பிரஷ். மானாமதுரைச் சட்டி சந்தையிலேயே கிடைக்கும். விரிசல் விட்டதாகக் கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனிக் கோணிக்குள் போட்டு, வாயைக் கட்டி, கட்டையால் இரண்டே அடி. மூன்றாவது அடி வேண்டாம். துண்டு பொடியாகிவிட்டால் விளிம்பு எது, அடி எது என்று பிரிக்க முடியாது. உடைப்பதை ஆசிரியரே செய்ய வேண்டும், பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும். நாலு பாத்திரத்தின் துண்டுகளையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து சில துண்டுகளை எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள். மண்ணுக்கடியில் முழுப் பானை கிடைப்பது அரிது. அந்தக் குறை பிள்ளைகளின் கையிலும் இருக்கட்டும்.

முதல் வேலை பிரிப்பது. நிறத்தை மட்டும் நம்பிப் பிரிக்கும் குழு கட்டாயம் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அடுப்பில் பட்ட சட்டியின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் இருக்கும். கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்பக்கத்தில் விரல் ஓடிய வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் வனைந்த பானையில் அந்த வரி வாய்க்கு இணையாகவே போகும், அதை வைத்துத் துண்டில் குறுக்கு எது, நெடுக்கு எது என்று சொல்லிவிடலாம். உடைந்த ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சூளையில் காற்று நன்றாகப் பட்ட இடம் சிவந்திருக்கும், படாத இடம் கறுத்திருக்கும்; சில துண்டுகளில் நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு தெரியும். இதைக் கையில் பார்த்த பிள்ளைக்குக் கறுப்பு சிவப்பு மட்கலத்தை விளக்க இரண்டு வாக்கியம் போதும். பானையைக் கவிழ்த்து, உள்ளே காற்றுப் புகாதபடி சுட்டால் உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுக்கும். காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும்.

ஒட்டும்போது அடியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு துண்டை ஒட்டி, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் சாயாமல் தானே நிற்கும்படி மணலில் நட்டுவைத்து, பசை இறுகும்வரை கை வைக்காமல் விட வேண்டும். அவசரப்படும் குழு மேலே ஒரு பகுதி, கீழே ஒரு பகுதி என்று தனித்தனியாக ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் இரண்டையும் சேர்க்கும்போது நடுத்துண்டு உள்ளே போகாது. ஒவ்வொரு ஒட்டிலும் சேர்ந்த அரை மில்லிமீட்டர் பிசகு அங்கே வந்து நிற்கும். ஃபெவிகாலாக இருப்பதால் வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்து மறுபடி தொடங்கலாம். அருங்காட்சியகத்தில் பழம்பொருளைப் பழுது பார்ப்பவர்களும் பிரிக்க முடியாத பசையைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். பின்னால் வருபவர் நம் வேலையைத் திருத்த இடம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் ஒழுக்கம்.

விளிம்புத் துண்டு

இந்தக் கட்டுரை முழுவதும் நான் வந்து சேர நினைத்த இடம் இதுதான். பிரித்து ஒட்டும் வரை பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஒரு விளிம்புத் துண்டைக் கையில் கொடுத்து 'இந்தப் பானையோட வாய் எவ்வளவு அகலம்?' என்று கேட்கும்போதுதான் விஷயம் மாறுகிறது. மற்ற துண்டுகள் இல்லை. பானை இல்லை. இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓடு. முதலில் சிரிப்பார்கள், ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். அப்போது சார்ட் பேப்பரை விரிக்க வேண்டும்.

பேப்பரில் ஒரே மையத்திலிருந்து 5 செ.மீ. ஆரம் தொடங்கி 20 செ.மீ. வரை, ஒரு செ.மீ. இடைவெளியில் அரைவட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் ஆரத்தை எழுதிவைக்க வேண்டும். காம்பஸ் எட்டாத பெரிய வட்டத்துக்கு நூலும் பென்சிலும் போதும், நூல் இழுபடாத பருத்தி நூலாக இருந்தால் சரி. ஓட்டைத் தலைகீழாக, பானை கவிழ்ந்து நிற்பதுபோல், விளிம்பு பேப்பரில் படும்படி வைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறுவார்கள். விளிம்பு முழுவதும் தாளில் படிய வேண்டும். கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் விளிம்புக்கும் தாளுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஓட்டை முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்து, அந்த வெளிச்சம் மறையும் நிலையைப் பிடிக்க வேண்டும். அந்தச் சாய்வு வெறும் சாய்வல்ல, பானையின் தோள் எப்படிச் சரிந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு ஓட்டை வட்டம் வட்டமாக நகர்த்தி, எந்தக் கோட்டோடு விளிம்பு ஒட்டி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கோட்டின் ஆரத்தை இரண்டால் பெருக்கினால் வாயின் அகலம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இருந்தால் கணக்காகவும் செய்யலாம். விளிம்பின் இரு முனைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து நாணின் நீளத்தை எடுக்க வேண்டும். நாணின் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். நாணை நாணாலேயே பெருக்கி, உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நாண் 8 செ.மீ., உயரம் 0.5 செ.மீ. என்றால் 64-ஐ 4-ஆல் வகுக்க 16, அதோடு 0.25, ஆக ஆரம் 16.25, வாய் 32.5 செ.மீ. இப்போது அதே ஓட்டை இன்னொரு குழுவிடம் கொடுங்கள். அவர்கள் உயரத்தை 0.6 என்று எடுத்தால் ஆரம் 13.6 ஆகி, வாய் 27 சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பானை 5 செ.மீ. சுருங்கிவிட்டது. எந்தக் குழு சரி என்று சண்டை வரும். வரட்டும், அதை உடனே தீர்த்துவைக்க வேண்டாம். ஓடு சிறியதாக ஆக இந்தப் பிழை பெருகும், 5 செ.மீ.க்குக் குறைந்த விளிம்பை நம்பக் கூடாது, ஒரே ஓட்டை மூன்று பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அவர்களே பேசி வந்துசேர்வார்கள். அதன் பிறகு ஒளித்துவைத்த துண்டுகளை எடுத்துக் கொடுங்கள். முழு வாயையும் சேர்த்து நேராக அளந்துபார்க்கட்டும்.

சேர்ந்த வாயை அளந்ததும் ஒரு பெண்பிள்ளை, 'டீச்சர், இது எங்க வீட்டு மீன் சட்டி அளவுதான்' என்று சொல்வாள். இல்லாத பானையில் என்ன சமைத்தார்கள், எத்தனை பேருக்குச் சமைத்தார்கள் என்ற கேள்வி அவளிடமிருந்தே வரும். உடைந்தது என்றால் குப்பை என்ற எண்ணம் மாறும் இடம் இது. இதைக் கடக்காத பிள்ளைக்கு அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும் ஓடுகள் வெறும் ஓடுகள்தான். கடந்த பிள்ளை பெட்டியின் முன் குனிந்து, கண்ணை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுபோகும். எந்த ஆசிரியரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ராமநாதபுரம் கடற்கரையில் அகழாய்வு நடந்த அழகன்குளத்தில் கிடைத்த ரௌலட்டட் வகை ஓடுகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வழவழப்பான மெல்லிய மண், சாம்பலும் கறுப்புமான நிறம், உள்பக்கம் வளைந்த விளிம்பு, தட்டின் உள் அடியில் வட்டம் வட்டமாகப் பொடிக் கோடுகள். 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் இதைப் பார்த்தபோது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தது என்று கருதினார். பிற்பாடு களிமண்ணைப் பகுத்துப் பார்த்தவர்கள் இது இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்று காட்டினார்கள். புகழ்பெற்ற அறிஞர் ஒருவரின் முடிவை ஓட்டின் மண்ணே திருத்திய கதை இது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்லலாம்.

எழுத்துள்ள ஓடு இருந்தால் அதில் இன்னொன்று பார்க்கலாம். கோடு சுடுவதற்கு முன் கிழித்ததா, சுட்ட பின் கீறியதா? ஈர மண்ணில் கிழித்தால் ஓரத்தில் மண் லேசாக ஒதுங்கி மேடு தட்டியிருக்கும், கோட்டின் உள்ளும் வெளியும் ஒரே நிறம். சுட்ட பின் கீறினால் ஓரம் பொரிந்திருக்கும், கோடு வெளிறியிருக்கும். முதலாவது குயவர் கையாக இருக்கலாம், இரண்டாவது பெரும்பாலும் பானையை வைத்திருந்தவர் கை. கல்யாணச் சீர் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப்போல, 2000 ஆண்டுக்கு முன்பும் தன் பானையில் தன் பெயரைத் தமிழ் பிராமி என்னும் பழைய எழுத்தில் கீறிவைத்தவர்கள் இருந்தார்கள்.

அரண்மனைக்குள்

ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் உள்ள இராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அகழ்வைப்பகமாக இருக்கிறது. கட்டடம் கிழவன் சேதுபதி (1671-1710) காலத்தது. சுவரோவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. போக வேண்டிய நாளை முதலில் பாருங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்தக் கரையில் வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் பள்ளிகளும் உண்டு; அவர்களுக்கு அன்றைக்குப் போகலாம் என்று தோன்றுவது இயல்பு, போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்ப நேரும். கீழடிக்குச் செவ்வாய் விடுமுறை. எதுவானாலும் முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. இரண்டு வாரம் முன்பே தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்து, எத்தனை பேர், எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு என்பதோடு 'பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைய அனுமதி வேண்டும்' என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போனால் காவலர் 'நகருங்க, நகருங்க' என்பார். அவர் வேலை அது. ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே தனியாகப் போய், எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று பார்த்து, நாலு பொருளைத் தேர்ந்து வரவும் வேண்டும். காட்சிப் பொருட்களை அவ்வப்போது மாற்றி வைப்பார்கள்.

45 பிள்ளைகள் என்றால் நாலு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். ஓர் இடத்துக்கு 15 நிமிடம், பிறகு இடம் மாற்றம். பைகள் பேருந்திலேயே இருக்க வேண்டும். இதில் எந்தச் சலுகையும் கூடாது. முதுகில் பை மாட்டிய பிள்ளை சட்டென்று திரும்பினால் பை சுவரில் உரசும், உரசியது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. 300 ஆண்டு வண்ணம் பொடியாக உதிரும். பேனா வேண்டாம், பென்சில் மட்டும். தண்ணீர் பாட்டில் வெளியே. உள்ளே போவதற்கு முன் எல்லாரும் கழிப்பறை போய்வர 15 நிமிடம் ஒதுக்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு வசதி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவைக்காத பயணத்தில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்காமலேயே நாளைக் கழிப்பார்கள்.

வெளியே கண் கூசும் வெயில், உள்ளே மங்கிய மண்டபம். நேராக ஓவியத்தின் முன் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது, 'அழிஞ்சுபோச்சு சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தூண்களுக்கு நடுவே தரையில் உட்காரவைத்து 5 நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். கண் பழகப் பழக, இல்லாத உருவங்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் எழும். அதற்குப் பிறகு கேள்வி கேட்கலாம். கதை வரிசையாகப் பட்டை பட்டையாக ஓடுவதால் ஒரே ஆள் ஒரே பட்டையில் பலமுறை வருவார். பிள்ளைகளுக்கு அது பெரிய கூட்டமாகத் தெரியும். 'ஒரே கிரீடம், ஒரே உடல் நிறம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணு' என்றால் கூட்டம் கலைந்து கதை தெரியும். ராமாயணக் காட்சிகளை இப்படி அவர்களே பிரித்துவிடுவார்கள். மன்னர் இராஜராஜேசுவரி அம்மனிடம் செங்கோல் பெறும் காட்சி, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சி மூன்றையும் பெயர் சொல்லாமல் தேடச் சொல்லலாம். 'தொப்பி வெச்சவங்க எங்க இருக்காங்க?' என்ற ஒரே கேள்வி போதும். கண்டுபிடித்ததும் அவர்கள் எதற்கு இந்தச் சபைக்கு வந்தார்கள் என்று கேட்பார்கள். முத்தும் சங்கும் துணியும் ஏற்றுமதியான கரை இது என்பதை அங்கே நின்று சொன்னால் மனத்தில் நிற்கும்.

வண்ணம் உரிந்த இடத்தையும் காட்டுங்கள். சுண்ணாம்புச் சாந்தின் மேல் தீட்டிய ஓவியத்துக்கு இந்தக் கரையில் பெரிய பகை உப்பு. சுவர் ஈரத்தை உறிஞ்சும்போது உப்பும் சேர்ந்து ஏறும். ஈரம் காயும்போது அந்த உப்பு மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி, வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளும். மழைக்காலம், வெயில்காலம் என்று மாறி மாறி இது நடந்தால் சுண்ணாம்பு பொரிந்து உதிரும். கடலோர வீடுகளில் சுவர் உப்புப் பூப்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதேதான் இங்கேயும் நடக்கிறது. வியர்த்த கையால் தொடுவதும் உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சேர்ப்பதுதான் என்று இந்த இடத்தில் சொன்னால், 'தொடாதே' என்று பத்து முறை அதட்ட வேண்டியிருக்காது.

சங்கும் கழிவும்

கீழக்கரையிலும் ராமேசுவரத்திலும் சங்கு குளிக்கப் போகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கு வளையல் துண்டைக் காட்டி என்ன சொல்வது? சொல்ல வேண்டாம், கேட்க வேண்டும். ஒரு சங்கிலிருந்து வளையல் எப்படி எடுப்பாய்? முனையை நீக்கி, உடலைக் குறுக்கே அறுத்தால் மோதிரம் மோதிரமாக வரும். எல்லாப் பகுதியும் வளையலாகாது, நடுத்தண்டும் வாய்ப்பகுதியும் மிஞ்சும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த கேள்வி: ஓர் ஊரில் தோண்டும்போது வளையல் மட்டும் கிடைத்தால் என்ன பொருள்? அறுத்த தண்டும் மிச்சமும் சேர்ந்து கிடைத்தால் என்ன பொருள்? வளையல் எங்கிருந்தும் வாங்கி வந்திருக்கலாம். கழிவை யாரும் விலை கொடுத்து வாங்கி வர மாட்டார்கள். கழிவு கிடக்கும் இடத்தில் பட்டறை இருந்தது. அறுத்த முகத்தில் வாள் ஓடிய இணைகோடுகள் தெரியும். தானாக உடைந்த சங்கில் அது இருக்காது.

அழகன்குளத்தில் 1986-87 தொடங்கி 2016-17 வரை பல பருவங்களாக அகழாய்வு நடந்தது. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர்தான் சங்கப் பாடல்கள் சொல்லும் மருங்கூர்ப்பட்டினம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ரோமானியர் மதுவும் எண்ணெயும் ஏற்றி அனுப்பிய ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு, நாலாம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசர்களின் சிறிய செம்புக் காசுகள் எல்லாம் அங்கே கிடைத்தன. கப்பல் ஓட்டின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, அணியம் (கப்பலின் முன்பகுதி) எந்தப் பக்கம், பாய்மரம் எத்தனை, கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வத்தை, வல்லம் போன்ற படகுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நாம் கவனிக்காததைக் கவனிக்கும். ஆம்போராவின் அடி ஏன் கூராக இருக்கிறது என்றும் கேட்கலாம்; கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின் இடுக்கில் ஒன்றாக நெருக்கி அடுக்கினால் ஆட்டத்தில் உருளாது என்று சிலர் தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அழகன்குளத்திலோ பெரியபட்டினத்திலோ மேட்டில் ஓடு கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போடக் கூடாது. எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஓட்டின் வயதைச் சொல்லும். இடம் விட்டுப் பெயர்ந்த ஓட்டுக்கு அந்தச் சாட்சி போய்விடும். பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்து, அளவு தெரியும்படி படம் எடுத்து, இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் சொல்வதே சரி. ஆசிரியர் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவிக்கலாம்.

திரும்பி வந்த பிறகு

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். வரைந்த தாள்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரும் அட்டையில் விடை கிடைக்காத ஒரு கேள்வியை அடியில் எழுதட்டும். பிறகு வகுப்பின் ஒரு மூலையில் ஓர் அலமாரி. வீட்டிலிருந்து பழைய பொருட்களைக் கேட்டு வாங்கி வரச் சொல்லலாம்: மரக்கால், உழக்கு, பனையோலைக் கொட்டான், வலை பின்னும் ஊசி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி. பெரியபட்டினத்தில் கிடைத்த 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றிப் பேச, உடைந்த டீ கப் துண்டு ஒன்றும் மண்சட்டித் துண்டு ஒன்றும் அருகருகே வைத்து, இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். மண் குடித்துவிடும், மெருகிட்ட பீங்கானில் சொட்டு அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் எண் வேண்டும். கண்ணில் படாத ஓரத்தில் நிறமில்லா நகப்பூச்சை விரல்நகம் அளவுக்குத் தடவி, காய்ந்ததும் அதன் மேல் மையால் எண்ணை எழுதி, மறுபடி ஒரு பூச்சு. பொருளின் மேல் நேரடியாக எழுதக் கூடாது. மை மண்ணுக்குள் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. துணி, ஓலைப் பொருட்களுக்குப் பூச்சு வேண்டாம், எண் எழுதிய சீட்டை நூலால் கட்டினால் போதும். ஒரு நீள நோட்டுதான் பதிவேடு. எண், பொருளின் பெயர், எதனால் செய்தது, நீளம் அகலம், யார் வீட்டிலிருந்து வந்தது, அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள், என்றைக்கு வந்தது, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று எட்டுக் கட்டம். கடைசிக் கட்டத்தைத் தவறாமல் நிரப்பி, கொடுத்தவரின் கையெழுத்தையும் அதன் பக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். வருடம் முடிந்து பிள்ளைகள் வகுப்பு மாறும்போது எந்தப் பெட்டி யாருடைய பாட்டிக்குப் போக வேண்டும் என்பதை அடுத்து வரும் ஆசிரியர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.